1983 சிகாகோ மேயர் தேர்தலில் கறுப்பினத்தவரான ஹெரால்ட் வாஷிங்டன் வென்றது, வெள்ளையர் வாக்குகள் இரண்டாகப் பிரிந்த அதிர்ஷ்டத்தால்தானே?

பள்ளிப் பாடத்துக்கோ போட்டித் தேர்வுக்கோ படிக்கும்போது இக்கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அந்த ஆண்டு சிகாகோவின் தென்பகுதியில் மாணவனாக வாழ்ந்தவன் என்ற முறையில், ‘அதிர்ஷ்டம்’ என்ற சொல்லை என்னால் எளிதாகக் கடந்து செல்ல முடியவில்லை.

வாக்குகள் பிரிந்தது உண்மை. ஆனால் அது பிப்ரவரி 22 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் தேர்தலில். வெள்ளையர்களான இருவரில், மேயர் பதவியிலிருந்த ஜேன் பர்ன் ஏறத்தாழ 34 விழுக்காடும், பழைய மேயரின் மகன் ரிச்சர்ட் எம். டேலி 30 விழுக்காடும் பெற, வாஷிங்டன் 36 விழுக்காட்டில் முந்தினார். ஏப்ரல் 12 பொதுத்தேர்தலிலோ அவருக்கு எதிரே நின்ற முக்கிய வேட்பாளர், வெள்ளையரான குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன் ஒருவர்தான். 1931க்குப் பின் அக்கட்சியைச் சேர்ந்த எவரும் மேயராக இருந்ததில்லை என்பதால், வழக்கமான ஆண்டாக இருந்திருந்தால் உட்கட்சியில் வென்றவர் அன்றே மேயர்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், தேவாலயத்தைத் தவிர வேறெங்கும் அதிகம் போகாத முதிய கறுப்பினப் பெண்மணி. யார் வந்தாலும் கட்சிக்காரர்கள்தாம் ஆளப்போகிறார்கள் என்று பல ஆண்டுகளாக வாக்களிக்காமல் இருந்தவர். நகர வீட்டுவசதி வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களை நீக்கி வெள்ளையர்களை பர்ன் நியமித்தபோது, அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த தம் தங்கைக்காக அவர் கொதித்துப் போனார். 1982 இலையுதிர் காலத்தில் தம் தேவாலயத்தில் நடந்த வாக்காளர் பதிவில் பெயரைக் கொடுத்ததோடு, தெருவில் தெரிந்தவர்களையெல்லாம் கையோடு அழைத்துச் சென்றார். அவரைப் போல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போது புதிதாகப் பதிவு செய்துகொண்டார்கள். இதை அதிர்ஷ்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதே வேளையில், என் ஆய்வகத்தில் பணிபுரிந்த வடமேற்குப் பகுதி நண்பர் ஒருவர், மூன்று தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்த குடும்பத்தவர், இம்முறை எப்டனுக்கே வாக்கு என்று வெளிப்படையாக அறிவித்தார். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாத குற்றத்துக்காக வாஷிங்டன் 1972இல் சிறை சென்றதை அவர் காரணமாகச் சொன்னார். அது பொய்யன்று, சிறிய குறையுமன்று. ஆனால் ‘நேரம் கடந்துவிடும் முன் எப்டன்’ என்ற தேர்தல் முழக்கம் வரிக் கணக்கைத்தான் குறித்தது என்று நம்ப நான் ஆயத்தமாக இல்லை. குருத்தோலை ஞாயிறன்று வாஷிங்டனும் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் வால்டர் மாண்டேலும் புனித பாஸ்கல் தேவாலயத்துக்குச் சென்றபோது, வெளியே கூடிய கூட்டம் வாஷிங்டனை எதிர்த்துக் கூச்சலிட்டதையும் அந்நகரமே பார்த்தது.

வெள்ளையர் அனைவரையும் இனவெறியர் என்கிறேன் என்று யாரும் பின்னூட்டம் இட வேண்டாம். ஏரிக்கரை வார்டுகளில் ஒரு பகுதி வெள்ளையரும், லத்தீன் அமெரிக்க வழியினரில் பெரும்பாலோரும் வாக்களித்திராவிட்டால் அவர் வென்றிருக்க முடியாது. அப்படியிருக்க, புறநகரில் குடியேறிய நம்மவர் விருந்தொன்றில், வாஷிங்டன் வந்தால் நகரமே கெட்டுவிடும், உடனே அறையைக் காலி செய் என்று எனக்கு அறிவுரை சொன்னவர்களை இன்றும் மன்னிக்க இயலவில்லை. தம் தோலின் நிறத்தை அவர்கள் எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ!

பதிவு செய்தோரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வாக்களித்த அத்தேர்தலில், வாஷிங்டன் ஏறத்தாழ 48,000 வாக்குகள் வேறுபாட்டில், 51.7 விழுக்காடு பெற்று வென்றார். நகர மன்றத்தில் எட்வர்ட் வர்டோலியாக் தலைமையில் 29 பேர் அவரை எதிர்க்க, 21 பேர் மட்டுமே ஆதரித்ததால் முதல் மூன்றாண்டுகள் நிர்வாகம் முடங்கிக் கிடந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் 1987 உட்கட்சித் தேர்தலைப் பாருங்கள். அங்கே டேலி இல்லை. பர்னுடன் ஏறத்தாழ நேருக்கு நேர் மோதிய வாஷிங்டன் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றே அவரைத் தோற்கடித்தார்.