தினமும் வேலைக்குப் போகிற சாதாரண ஆட்கள் 200, 300 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவதும் 50 கிலோமீட்டர் ஓடுவதும் எப்படி முடிகிறது? இது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

பைத்தியக்காரத்தனம்தான். என் வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரே அதுதான், அதனால் மறுக்க மாட்டேன். ஆனால் கேள்வியின் கீழே "இவர்களுக்கெல்லாம் தனி உடம்பா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் உறுதியாக இல்லை என்று சொல்லலாம். என் உடம்பு இதுதான்: வயது 44, எடை 81 கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டில். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் பாய்லர் பார்க்கிறேன். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் நான் கடைசிக்கு முந்தின ஆள், கடைசியாக வந்தவனுக்குக் காலில் கட்டு. இந்த உடம்போடு 200 மூன்று முறையும் 300 ஒரு முறையும் முடித்திருக்கிறேன். இன்னொரு 300ஐப் பாதியில் விட்டிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பி.ஆர்.எம். என்று சொல்கிற இந்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கு விதி வகுப்பது பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். உலகம் முழுக்க ஒரே நேரக் கணக்குதான்: 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. வகுத்துப் பாருங்கள், எல்லாமே மணிக்கு 15 கி.மீ. பக்கம்தான் வரும். பின்னால் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர் அதைவிட வேகமாகப் போவார். பந்தயமும் கிடையாது. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்க வந்தவருக்கும் மரியாதை ஒன்றுதான். ஆனால் அந்த 15க்குள் சாப்பாடு, பஞ்சர், ஒன்றுக்குப் போவது, வழி தவறுவது, போன் பேசுவது எல்லாம் அடக்கம், கடிகாரம் நிற்காது. அதுதான் விஷயமே.

என் முதல் 200 பெங்களூரில் கிளம்பி எங்கள் கிருஷ்ணகிரி வந்து திரும்புவது. நம்ம ஊர் ரோடுதானே என்ற திமிர். ஓசூர் தாண்டியதும் சூளகிரியில் சொந்தக்காரப் பையன் காத்திருந்தான், அவனோடு ஒரு டீ. கிருஷ்ணகிரியில் ஒரு பிரியாணி, அப்புறம் புளியமர நிழலில் ஐந்து நிமிடம் என்று சாய்ந்தது அரை மணி நேரம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி 500 சொச்சம். காலையில் "ஆகா, என்ன வேகம்" என்று பறந்து வந்த இறக்கமெல்லாம் மதிய வெயிலில் வட்டியோடு திரும்பி நின்றது. முடித்தபோது 13 மணி 21 நிமிடம். ஒன்பது நிமிடம்தான் மிச்சம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டால், மிதித்தது பத்தரை மணி நேரம்கூட இல்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் டீக்கடையிலும் மரத்தடியிலும் போயிருக்கிறது. அன்றிலிருந்து நான் பயிற்சி எடுப்பது காலுக்கு இல்லை, நிற்காமல் இருப்பதற்கு. கடைக்குள் போகும்போதே காசைக் கையில் எடுத்துக்கொள்வது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே குடிப்பது, உட்காராமல் இருப்பது, இந்த மாதிரி. கேட்கச் சில்லறையாக இருக்கும், 300இல் இதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது.

அந்த 200இல் ஒரு டீக்கடைப் பெரியவர் என் கை நடுக்கத்தைப் பார்த்து "ஏன் தம்பி, பஸ் கிடைக்கலையா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ஜெயிச்சா எவ்வளவு தருவாங்க?" "ஒண்ணும் தர மாட்டாங்கய்யா, நான்தான் பணம் கட்டியிருக்கேன்." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பரிதாபமா மரியாதையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பில்லாவது கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன், ஏனென்றால் அந்த இடத்துக்கு வந்து போனதற்கு அந்தப் பில்தான் அத்தாட்சி. சில இடங்களில் ஏ.டி.எம். சீட்டு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

சாப்பாட்டில்தான் எல்லோரும் அடிபடுகிறார்கள். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2000 கலோரிதான், மூன்று நான்கு மணி நேரத்தில் காலியாகிவிடும். அப்புறம் விளக்கை அணைத்த மாதிரி ஆகும், கால் இருக்கும், ஓடாது. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். முக்கால் மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போட வேண்டும்: வாழைப்பழம், கடலை உருண்டை, இட்லி, வெயில் நேரத்தில் உப்புப் போட்ட கூழ். நம்ம ஊர்க் களியைச் சாப்பிட்டுவிட்டு 200 ஓட்டினேன் என்று சிலர் பெருமையடிப்பார்கள், எனக்கு ஒத்து வரவில்லை, களி விழுங்கிவிட்டு ஏறினால் ஒரு மணி நேரத்தில் கண் சொக்கும். முந்தின நாள் ராத்திரிக்குக் களி, அவ்வளவுதான். முக்கியமாக, வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீர் மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், குமட்டல், தலைவலி, பேச்சுக் குழறல் வரை போகும், உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் உப்பு, எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை.

இனி அந்தப் பாதியில் விட்ட 300. வாணியம்பாடி பக்கம் போய்த் திரும்புகிற பாதை, சாயங்காலம் இடி மழை, இருட்டியதும் பின் சக்கரம் பஞ்சர். மாற்று டியூப் இருந்தது, அதற்கும் வால்வு பக்கம் ஓட்டை, கிளம்பும்போது சோதிக்கவில்லை, என் தப்புதான். வண்டி வைத்துக்கொண்டு யாரும் பின்னால் வந்து உதவக் கூடாது என்பது விதி. ஒட்டுப்போட்டு, அது பிடிக்காமல், திரும்ப ஒட்டிக் கிளம்பும்போது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு மைல்கல் ஒவ்வொன்றும் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற பாட்டி மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஒரு பாட்டிக்கு வழி விட்டு நடு ரோட்டுக்கு ஒதுங்கினேன், பின்னால் லாரி ஹாரன். அங்கேயே நிறுத்திவிட்டேன். 242ஆவது கிலோமீட்டர். மச்சானுக்குப் போன் போட்டேன், டாட்டா ஏஸ் எடுத்துக்கொண்டு வந்தான், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, இறக்கிவிடும்போது மட்டும் "மாமா, டீசல் முந்நூறு ஆச்சு" என்றான்.

அந்த மச்சான் இப்போது என்னைவிட மோசம். தர்மபுரியில் இருக்கிறான், ஓட ஆரம்பித்துவிட்டான். மாரத்தான் என்றால் 42.195 கி.மீ., அதைத் தாண்டினாலே அல்ட்ரா. போன வருஷம் 50 ஓடினான். ஓடினான் என்கிறேன், பாதி மேட்டில் நடந்தான். அதில் வெட்கமே கிடையாது, மேட்டில் நட, சமத்தில் ஓடு, இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்று என்பதுதான் அவர்கள் பாடம். அவனுக்குப் பயிற்சி வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில். தென்னாப்பிரிக்காவில் 1921லிருந்து நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தின் வீடியோவை எனக்குக் காட்டியதும் அவன்தான். ஏறத்தாழ 90 கி.மீ., 12 மணி நேரம். நேரம் முடிகிற நொடியில் ஒருவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார், முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடுமே. கோட்டுக்கு மூன்று அடி முன்னால் இருப்பவருக்கும் பதக்கம் கிடையாது. அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆஸ்திரேலியாவில் 1983இல் கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கி.மீ. ஓட்டத்தில் ஜெயித்த கதை உங்கள் வாட்சப்புக்கும் வந்திருக்கும். அவர் தூங்கவே இல்லை என்று வருவதெல்லாம் மிகை. மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்கினார், காலை இழுத்த மாதிரி மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார், ஐந்து நாள் 15 மணி நேரத்தில் முடித்தார். எனக்கு அந்தக் கதையைவிட அப்பா ஞாபகம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல், கேரியரில் இரண்டு கூடை, கியர் இல்லாத அட்லஸ் சைக்கிள். சாயங்காலம் வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுவார். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, செருப்போடுதான் மிதித்தார். நான் ஒளிரும் சட்டை, ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு எல்லாம் மாட்டிக் கிளம்பும்போது திண்ணையிலிருந்து பார்ப்பார். "என்ன சரக்குடா ஏத்திட்டுப் போற?" என்று ஒரு தடவை கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

சரி, அப்படியானால் எதற்காக இந்தப் பைத்தியக்காரத்தனம் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் பாய்லர் சத்தம் ஒரு காரணம். மே மாதத்திலிருந்து சீசன் முடியும்வரை 12 மணி நேர ஷிஃப்ட், அந்தச் சத்தம் வீட்டிலும் காதில் ஓடும். சைக்கிளில் ஐந்தாறு மணி நேரத்துக்கு அப்புறம்தான் அது நிற்கிறது. வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. "வலி தற்காலிகம்" என்று போட்டோ போடுகிறவர்களை நம்பாதீர்கள், என் இடது முழங்கால் வலி எட்டு மாதம் இருந்தது, சீட்டை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்திய பிறகுதான் போனது.

ஆரம்பிக்கிற எண்ணம் இருந்தால் முதலில் டாக்டரிடம் ரத்தம், பி.பி., ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள், நாற்பது தாண்டியிருந்தால் கட்டாயம். புது வண்டி வேண்டாம், என்னுடையது ஓசூரில் 18,000க்கு வாங்கிய பழைய கியர் சைக்கிள். பாலக்கோடு, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்வந்தால் எனக்கு 130, 140 வரும், அதை மாதம் இரண்டு முறை செய்கிறேன். காட்டுப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு, அதனால் வெளிச்சம் வந்த பிறகுதான் மலை இறங்குவது. வரும்போது அந்த ஏற்றம் இருக்கிறதே, 200 ஓட்ட முடியுமா என்பதற்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

நவம்பரிலிருந்து புது சீசன். ஒரே சீசனில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் சூப்பர் ரேண்டனர் என்பார்கள். 600 என் தகுதிக்கு மீறியது, 400ஐ மட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இன்னும் பணம் கட்டவில்லை. வீட்டில் பேச்சை எடுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மச்சானும் இந்தத் தடவை டீசலுக்கு முன்பணம் கேட்கிறான்.