கேளுங்க, வாசிக்கிறேன்! – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, "வெளியூர்ல கச்சேரி வாய்ப்பு கிடைக்காம தவிக்கிற பசங்க எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். வந்த லெட்டர், மெயில் எல்லாம் பாத்தா பசங்களை விட அம்மாக்கள்தான் ஜாஸ்தி. அஞ்சு மட்டும் எடுத்திருக்கேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

என் பொண்ணுக்கு 19 வயசு, பத்து வருஷமா பாட்டு கத்துக்குறா. டிசம்பர் சீசன்ல மெட்ராஸ்ல ஒரு மத்தியான கச்சேரி வாங்கித் தரேன், ஒரு தொகை டொனேஷனா கொடுங்கன்னு ஒருத்தர் கேக்குறார். கொடுக்கலாமா? – ஒரு அம்மா, கரூர்

கொடுக்காதீங்கம்மா. காசு கொடுத்து வாங்கின மேடைல அடுத்த வருஷமும் காசு கொடுத்தாதான் ஏற முடியும், அது பாட்டுக்கு வாடகை வீடு மாதிரி போயிட்டே இருக்கும். மத்தியான கச்சேரியே மோசம்னு சொல்லல, மியூசிக் அகாடமில 12 மணிக்கும் 1:45க்கும் பாடுற பசங்க தகுதியால வந்தவங்க, டிக்கெட் கிடையாதுங்கறதால ரசிகர்களும் வருவாங்க, அங்கேர்ந்து நாலு மணிக்கு, அப்புறம் ஏழு மணிக்குன்னு மேல போனவங்க நிறைய பேர். ஆனா எல்லா ஹாலும் அப்படி இல்ல. நான் ஒரு சின்னப் பொண்ணுக்கு வயலின் வாசிச்சேன், எந்த சபான்னு கேக்காதீங்க, ஹால்ல எண்ணி 14 பேரு, அதுல மூணு பேர் மிருதங்கப் பையனோட வீட்டுக்காரங்க, அவ உசிரைக் கொடுத்து கரகரப்ரியா பாடிக்கிட்டு இருக்கா, கேன்டீன்ல கீரை வடை போட்டுட்டாங்கன்னு வாசனை வந்ததும் 14 பேர் 9 பேர் ஆயிட்டாங்க. அந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்கு அந்தக் குடும்பம் புடவை, ரூம், கார்னு பண்ணின செலவைக் கேட்டா உங்களுக்கு மயக்கம் வரும்.

அந்தக் காசுக்கு உங்க ஊர்லயே பசுபதீஸ்வரர் கோயில்ல நவராத்திரிக்கு ஒரு நாள் கேளுங்க, திருச்சி ரேடியோ ஸ்டேஷனுக்கு ஆடிஷன் எழுதிப் போடுங்க. 1939லேர்ந்து இருக்குற ஸ்டேஷன் அது, காவேரிக் கரை வித்வான்கள் எவ்வளவோ பேர் பாடின இடம். ரேடியோக்காரங்க பாட்டைக் கேட்டுக் கொடுக்குற பி கிரேடு வந்துடுச்சுன்னா போஸ்டர்ல பேருக்குக் கீழ போடறதுக்கு ஒண்ணு ஆச்சு, சபாக்காரங்களும் கொஞ்சம் நிமிர்ந்து பாப்பாங்க. இன்னொண்ணு, மத்திய அரசோட சி.சி.ஆர்.டி.ங்கற கலாச்சாரப் பயிற்சி மையம் மூலமா 18லேர்ந்து 25 வயசு வரைக்கும் இளம் கலைஞர்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, மாசம் 5,000 ரூபா, ரெண்டு வருஷத்துக்கு. போட்டி கடுமைதான். இருந்தாலும் 19 வயசுல போடாம வேற எப்ப போடறது?

நான் மிருதங்கம் வாசிக்கிறேன். இளம் கலைஞர் திட்டம்னு எல்லாரும் பாடுறவங்களைத்தான் கூப்பிடுறாங்க, எங்களுக்கு பஸ் சார்ஜ் கூட வர்றதில்ல. – ஒரு தம்பி, திருநெல்வேலி

தம்பி, இந்த லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ஏன்னா நானும் அதே கட்சி. ஒரு ஊர்ல என்னைக் கூப்பிட்டு வாசிக்க வெச்சுட்டு, கச்சேரி முடிஞ்சதும் பாடினவருக்கு ஒரு கவர், எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு சால்வை, ஒரு தேங்கா. சால்வையைப் போத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்ட்ல விடிய விடிய உக்காந்திருந்தோம், குளிருக்கு நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பாடறவங்களுக்கு தொண்டையும் சுருதி பெட்டியும் போதும், உனக்கோ பாடறவங்க சுருதிக்குத் தகுந்தாப்ல அஞ்சு கட்டைக்கு ஒரு வாத்தியம், ஒரு கட்டைக்கு ஒரு வாத்தியம்னு ரெண்டைத் தூக்கணும், கண்டக்டர் லக்கேஜ் போடும்பாரு, இல்லைன்னா மடில வெச்சுக்கணும். இந்தச் செலவை எழுதாத எந்தத் திட்டமும் அரைத் திட்டம்தான்.

கூப்பிடும்போதே போன்ல கேட்டுடு. "சார், மூணு பேருக்கும் பிரயாணம் தனியா உண்டா?"ன்னு ஒரே கேள்வி. வெக்கப்படாத. சம்பாவனை, அதான் கச்சேரிச் சம்பளம், கம்மியா இருந்தா பரவாயில்ல, கைக்காசு போட்டுட்டு மட்டும் போகாத, ஒருக்கா போனா அதுவே ரேட் ஆயிடும்.

நாங்க சின்ன ஊர் சபா. வருஷத்துக்கு ஆறு கச்சேரி. பெரிய வித்வானைப் போட்டா காசு பத்தல, இளம் கலைஞர்களைப் போட்டா கூட்டம் வரல. என்ன வழி? – ஒரு செக்ரெட்டரி, நாமக்கல்

சார், உங்களை மாதிரி ஆளுங்க நாலு பேர் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கிட்டாலே பாதி விஷயம் முடிஞ்சது. கணக்குக்கு சொல்றேன். பாட்டு, வயலின், மிருதங்கம்னு மூணு பேர் மெட்ராஸ்லேர்ந்து உங்க ஒரு கச்சேரிக்கு மட்டும் வந்து போக ரயில், ஆட்டோ, ரூம், சாப்பாடுன்னு 9,000 ஆகுதுன்னு வைங்க, சம்பாவனை 15,000, உங்களுக்கு மொத்தம் 24,000. அதே மூணு பேரும் சேலம், நாமக்கல், கரூர், திருச்சின்னு நாலு நாள்ல நாலு ஊர் வாசிச்சுட்டுப் போனா, பெரும்பாலும் பஸ்லயே போயிடலாம், ஊருக்கு ஒரு ரசிகர் வீட்ல தங்க வெச்சா ரூமும் மிச்சம், மொத்தப் பிரயாணச் செலவு 12,000 ஆனாலும் ஒரு ஊருக்கு 3,000தான். உங்களுக்கு 18,000ல முடிஞ்சது, அவங்க 15,000க்கு பதிலா 60,000 எடுத்துட்டு வீட்டுக்குப் போவாங்க. அதை விட முக்கியம், நாலாவது நாள் பாடும்போது அந்தக் குரல் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, சேலத்துல சொதப்பின நிரவலை திருச்சில சரி பண்ணியிருப்பாங்க. வீட்ல ஆறு மாசம் சாதகம் பண்ணினாலும் அது வராது.

இங்கிலாந்துல இதை ரொம்ப நாளா பண்றாங்க. ஊருக்கு ஊர் மியூசிக் கிளப்னு உங்களை மாதிரியே சின்ன சபாக்கள் உண்டு, சர்ச்சுலயோ ஸ்கூல் ஹால்லயோ கச்சேரி வைப்பாங்க. கவுன்டஸ் ஆஃப் மன்ஸ்டர் மியூசிக்கல் டிரஸ்ட்னு 1958ல ஆரம்பிச்ச ஒரு அறக்கட்டளை, தான் பொறுக்கி எடுத்த இளம் கலைஞர்களை அந்த கிளப்புகள் கூப்பிட்டா சம்பளத்துல ஒரு பங்கை தானே போட்டுடும். பாருங்க, காசைக் கலைஞர் கைல கொடுத்து ஹால் தேடிக்கோன்னு விடல, ஹாலும் ரசிகரும் ஏற்கனவே இருக்குற இடத்துல போய் பாரத்தைக் குறைக்குது. யெஹுதி மெனுஹின், நம்ம ரவிசங்கரோட சேர்ந்து வாசிச்ச அதே வயலின்காரர்தான், அவரும் 1977ல லைவ் மியூசிக் நவ்னு ஒண்ணு ஆரம்பிச்சு வெச்சார், முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளிகள்னு போய் இளம் கலைஞர்கள் வாசிப்பாங்க, அதுக்கு சம்பளமும் உண்டு. "உனக்கு எக்ஸ்போஷர் கிடைக்குதுல்ல"ன்னு சொல்லி அனுப்பறது இல்ல.

நம்ம பக்கம் கல்யாண வீட்டுக்காரங்களே இப்படி ஒரு டிரஸ்ட் மாதிரிதான் இருந்தாங்க, இப்ப அந்தக் காசு டி.ஜே.க்குப் போயிடுச்சு, புலம்பி என்ன பண்றது. உங்க ஊர்ல ஒரு லாரி ஓனரோ கோழிப்பண்ணைக்காரரோ, நாமக்கல்ல அதுக்கா பஞ்சம், "ஹாலுக்கு ஃபேன் வாங்கித் தரேன்"னு வந்தா, ஃபேன் வேண்டாம், வருஷத்துக்கு மூணு கச்சேரிக்கு பக்கவாத்தியக்காரங்க சம்பளத்தைப் போட்டுடுங்கன்னு கேளுங்க.

கூட்டத்துக்கு ஒரு விஷயம். முதல் வருஷம் 40 பேர்தான் வருவாங்க, அதோட அந்தப் பையனை மறந்துட்டு அடுத்த வருஷம் வேற பையன், அதுக்கடுத்து வேற பொண்ணுன்னு போனா எப்பவுமே 40 பேர்தான். அதே ஆளைத் திரும்பக் கூப்பிடுங்க. "போன வருஷம் மோகனம் பாடினானே அந்தப் பையன்"னு ஊர்ல ஒரு பேச்சு வந்துடுச்சுன்னா அப்புறம் அவன் உங்க ஊர்ப் பையன். கச்சேரி அன்னிக்குக் காலைல ஒரு ஸ்கூல்ல அரை மணி நேரம் பாட வெச்சீங்கன்னா சாயங்காலம் நாலு பசங்க அப்பா அம்மாவை இழுத்துட்டு வருவாங்க. ஸ்பிக் மெக்கேங்கற அமைப்பு 1977லேர்ந்து ஸ்கூல், காலேஜ்னு வாத்தியத்தைக் கொண்டு போறது சும்மா இல்ல.

நாதஸ்வரம் படிச்சு முடிச்சேன். எங்களை இளம் கலைஞர்னே யாரும் சொல்றதில்ல, முகூர்த்தம் மட்டும்தான். – மயிலாடுதுறைலேர்ந்து ஒருத்தர்

உங்க கோவம் நியாயம். தமிழ்நாட்டுல 17 மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, நாதஸ்வரம், தவில் எல்லாம் சொல்லிக் கொடுத்து சர்டிபிகேட்டும் கொடுக்குறாங்க, அப்புறம்? சபால உங்களுக்கு விழா துவக்கத்துல மங்கள இசைன்னு அரை மணி நேரம், அதுவும் ஜனங்க செருப்பு விடற நேரம். போன பதில்ல சொன்ன செக்ரெட்டரிங்க ஆறு கச்சேரில ஒண்ணு நாதஸ்வரம்னு வெக்கணும், மைக் இல்லாம, கோயில் மண்டபத்துல, ரெண்டரை மணி நேரம், ராகத்துக்கு நேரம் கொடுத்து. நீங்களும் தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்துக்கு உங்க பயோடேட்டா அனுப்பி வைங்க, தென் மாநிலங்கள் பூரா நிகழ்ச்சி நடத்துற இடம் அது. முகூர்த்தத்தை விட்டுடாதீங்க, சோறு போடறது அதுதான்.

யாரோ பெரியவர் வரலைன்னு கடைசி நிமிஷத்துல பாடக் கூப்பிடுறாங்க. போனா கௌரவக் குறைச்சல்ங்கறான் என் ஃப்ரெண்டு. – ஒரு காலேஜ் பொண்ணு, கோயம்புத்தூர்

1928ல மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில்ல பாட வேண்டிய முசிறி சுப்பிரமணிய ஐயர் வர முடியாமப் போச்சு, பதிலுக்கு ஒரு பையனை உக்கார வெச்சாங்க. பையன் பேரு ஜி.என். பாலசுப்பிரமணியம், பின்னாடி பெரிய வித்வானா ஆனாரே, அவரேதான். ஃப்ரெண்டை விடு கண்ணு, அஞ்சு உருப்படி எப்பவும் ரெடியா வெச்சுக்கோ, போன் சார்ஜ்ல இருக்கட்டும்.