அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட நாட்கள்

"அம்மாவை மையமாக வைத்துக் குடும்ப வரலாறு எழுதுகிறேன், காலனிய ஆட்சியை அதற்குள் எப்படிக் கொண்டுவருவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குறிப்பேடு இப்போது ஆண்டுகளாலும் சட்டங்களாலும் நிறைந்திருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

என் அம்மா இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர். 1970களில் தாயகம் திரும்பியவர்களோடு நீலகிரிக்கு வந்தார். நான் எழுதிய முதல் அத்தியாயம் காப்பித் தோட்டங்கள் நோய் கண்டு அழிந்ததில் தொடங்கி, மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தைக் கடந்து, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் முடிந்தது. அதில் அம்மா இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில், தேயிலைச் செடியில் தூளி கட்டி அண்ணனை உறங்கவைப்பதாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இடுப்பளவுச் செடியில் யாரடா தூளி கட்டுவார்கள்? பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவோம்."

பிள்ளைக் காம்பரா என்பது தோட்டத்துக் குழந்தைக் காப்பகம். பிறகு அவராகவே சொன்னார். அண்ணன் நான்கு மாதக் குழந்தை. காய்ச்சல். பால் கொடுக்கப் போனால் மார்பை விடமாட்டான். தாமதமாகத் திரும்பினால் மாலையில் கொழுந்து நிறுக்கும்போது எடை குறையும். கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. அந்த மாதம் எத்தனை அரைப்பேர் என்று கேட்டேன். "ஏழு" என்றார் உடனே. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கணக்கு அவரிடம் இருந்தது. என் புத்தகம் இப்போது அந்த ஏழு நாட்களில்தான் தொடங்குகிறது.

ஆவணங்களைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் என் குடும்பம் ஏன் இரண்டானது என்றே எனக்குப் புரிந்திருக்காது. ஆனால் அம்மாவிடம் ஆண்டைக் கேட்டால் பதில் வராது. பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார், கூலியை யார் எழுதினார் என்று கேளுங்கள். என் கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒருவர், கொடுமைக்கார வெள்ளைக்காரத் துரை ஒருவரைச் சேர்க்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அந்த ஆட்சி போய்விட்டது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்க விடியுமுன் கூப்பிடும் பிரட்டும் அரைப்பேரும் போகவில்லை. காலனியம் விட்டுப்போனதை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே பள்ளியில் நான் சிலோன்காரன். சாதிச் சான்றிதழுக்காகப் போனபோது, அம்மாவின் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஓர் அலுவலகம் பதினான்கு மாதம் அலையவிட்டது. கேள்விக்குத் தொடர்பில்லாததுதான். ஆனாலும் ஆறவில்லை.

இலங்கைக் குடியுரிமை கிடைத்த மாமாவோடு பாட்டி அங்கேயே தங்கிவிட்டார். அவரை விட்டு அம்மா புறப்பட்ட நாளைப் பற்றி இதுவரை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு 78 வயதாகிறது. வரும் மாதம் ஊருக்குப் போகும்போது கேட்கப் போகிறேன்.