எண்ணெய் ஸ்பிரே அடித்துத் தோசை சுடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 260 என்று வந்திருக்கிறது. தினமும் இரவு நான்கைந்து தோசை சாப்பிடுவார். மகள் ஆன்லைனில் ஒரு அமெரிக்க குக்கிங் ஸ்பிரே வாங்கிக் கொடுத்தாள். அதில் கலோரி 0, கொழுப்பு 0 என்று போட்டிருக்கிறது. எண்ணெயை விட்டுவிட்டு இதையே பயன்படுத்தலாமா டாக்டர்? நான்ஸ்டிக் கல் வேறு பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

பதில்: அந்த 0-வை நம்பாதீர்கள். டப்பாவுக்குள் இருப்பதும் எண்ணெய்தான். ஒரு தடவைக்கான அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் 0 என்று அச்சிட அமெரிக்க விதி அனுமதிக்கிறது. அதற்குத் தோதாக அவர்கள் வைத்திருக்கும் அளவு, கால் விநாடி அழுத்தினால் வரும் கால் கிராம். கால் விநாடியில் கையை எடுக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நான்கு விநாடி அழுத்தினால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் எண்ணெய் இறங்கிவிடும். அது சுமார் 40 கலோரி.

கல் பிசுபிசுப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் லெசித்தின். சோயாவிலிருந்து எடுப்பது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நான்ஸ்டிக் மேல் சூட்டில் காய்ந்து படிந்தால் சாதாரணமாகக் கழுவினால் போகாது. கம்பி நார் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பூச்சு உரிந்துவிடும். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்துப் பாருங்கள்.

எண்ணெயைப் பீய்ச்ச பல டப்பாக்களில் பியூட்டேன், புரொப்பேன் அடைத்திருப்பார்கள். நம் சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள். உடனே ஆவியாகிவிடுவதால் சாப்பாட்டில் அது பெரிய விஷயமில்லை. பயம் நெருப்புதான். எரியும் அடுப்பின் மேல் அடிக்கவே கூடாது. டப்பாவை அடுப்பு மேடையிலும் வைக்காதீர்கள்.

ஸ்பிரேக்குப் பதிலாக, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேயுங்கள். கத்தரிக்காய்க் காம்பும் போதும். ஒரு தோசைக்குக் கால் டீஸ்பூன்கூட ஆகாது. துணி கட்டிய குச்சி என்றால் துணியை அடிக்கடி மாற்றுங்கள். எண்ணெய் ஊறி ஊறிச் சிக்கு வாடை அடிக்கும் துணியைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

இதெல்லாம் சரி, ஆனால் நீங்கள் எண்ணெயைக் குறிவைத்துக்கொண்டு மாவைக் கவனிக்காமல் விடுகிறீர்கள். டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் உள்ளே போகும் அரிசியையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அதனால் நான்கைந்து தோசையை இரண்டாக்குங்கள், அல்லது பாதி நாள் பச்சைப்பயறு அடை வார்த்துக் கொடுங்கள். சாம்பாரில் காய் நிறையப் போடுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்சம் நடக்கட்டும். மது பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

சர்க்கரைக்கான எச்பிஏ1சி, தைராய்டு இரண்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் டிரைகிளிசரைடு ஏறும். மூன்று மாதம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து கொழுப்புப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வார்.