பிளக்-இன் ஹைபிரிட் கார்: லீஸா, வங்கிக் கடனா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மாடர்ன் ரைஸ்மில் நடத்துகிறேன். 90 லட்ச ரூபாயில் பிளக்-இன் ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு, சார்ஜரில் செருகி ஏற்றும் பேட்டரியும் உள்ளது) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். லீஸிங் ஏஜென்ட் ஒருவர், "4 வருஷ லீஸுக்கு எடுங்க. வண்டி உங்க பேர்ல இருக்காது, விபத்து நடந்தாலும் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. காரைக்கால்ல பதிவு பண்ணினா வரியும் மிச்சம்" என்கிறார். லீஸ் எடுக்கலாமா, வங்கிக் கடனில் வாங்கலாமா ஐயா?

பதில்: ஏஜென்ட் சொன்ன இரண்டுமே தவறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவைப் பாருங்கள். லீஸ் ஒப்பந்தத்தின்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவர்தான் 'உரிமையாளர்' என்கிறது அது. இன்சூரன்ஸ் விட்டுப்போன நாளில் விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குச் சேர்த்து எடுக்கப்படுகிறது. சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். கம்பெனி புதுப்பித்துவிடும் என்று நம்பி இருக்காமல், பாலிசி நகலை வாங்கித் தேதியை நீங்களே குறித்து வையுங்கள்.

அடுத்தது காரைக்கால். நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் எல்லைக்குள்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 40ஆவது பிரிவு. வண்டி மில் ஷெட்டில் நிற்க, காரைக்காலில் ஒரு வாடகை முகவரியைக் காட்டினால் அது பொய்த் தகவல். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு எண் வாங்க வேண்டும் என்பது 47ஆவது பிரிவு. அப்போது தமிழ்நாட்டு வரியும் வந்து சேரும். இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். உங்கள் காருக்குச் சுமார் 18 லட்சம். பேட்டரி வண்டிகளுக்கான வரிச் சலுகை பெட்ரோல் இன்ஜினும் உள்ள இந்த வண்டிக்குக் கிடையாது. காரைக்காலில் உண்மையாகவே கிளை இருந்து, வண்டியும் அங்கேயே நிற்குமென்றால் அது வேறு விஷயம்.

வருமான வரியில் லீஸுக்கும் வங்கிக் கடனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சொந்தமாக வாங்கினால் ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானமும் கடன் வட்டியும் கழியும். முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் தேய்மானம் பாதிதான். லீஸில் வாடகை கழியும். இரண்டிலும் குடும்ப உபயோகத்துக்கான பங்கை அதிகாரி வெட்டுவார். ஜி.எஸ்.டி. விஷயத்தில் கவனம்: பெரிய இன்ஜின் உள்ள ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். லீஸ் வாடகைக்கும் அதே விகிதம்தான். மில் கணக்கில் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

டெல்டாவில் இருப்பவர் அதிகம் யோசிக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது பழுதானால், இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு இல்லாத பாலிசியில் கிளெய்ம் கிடைப்பது அரிது. பேட்டரிக்கும் தனிக் காப்பீடு சேருங்கள். வண்டி முழுச் சேதம் என்றாகிவிட்டால் காப்பீட்டு மதிப்புதான் கிடைக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வருடம் ஆன காருக்கு அது 20 சதவீதம் கழித்த விலை, அதில் அந்த 18 லட்ச வரி சேராது. லீஸில் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகும், பாக்கி வாடகைக்கும் அதற்கும் உள்ள பள்ளத்தை நீங்கள் நிரப்ப வேண்டும். வாங்கிய பில் விலையையே தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' கூடுதல் காப்பீடு அந்தப் பள்ளத்தைக் குறைக்கும்.

லீஸின் உண்மையான லாபம் ஒன்றே ஒன்றுதான். பிளக்-இன் கார் நம் பக்கம் எளிதில் மறுவிற்பனை ஆகாது. பேட்டரி பழசான பிறகு விலை எவ்வளவு இறங்கும் என்ற கவலை கம்பெனியுடையது. ஆனால் ஒப்பந்தத்தில், 'முடிவில் விற்கும் விலை குறைந்தால் வித்தியாசத்தை வாடிக்கையாளர் தர வேண்டும்' என்று ஒரு வாசகம் இருந்தால் அந்த லாபமும் போய்விடும். அது லீஸ் என்ற பெயரில் வரும் கடன். அப்படியானால் வங்கிக் கடனிலேயே வாங்குங்கள்.

அந்த வாசகம் இல்லை என்றாலும் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் பணம் சம்பா அறுவடையில் நெல் கொள்முதலுக்குள் போய் முடங்கும். ஒரு மாதத் தவணை தவறினாலே மீதி வாடகை முழுவதும் உடனே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் 60 நாள் அவகாசமாவது கேளுங்கள். குண்டர்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தவணை தவறியதற்கான பொறுப்பு உங்களுடையதே.

எந்த வழியில் எடுத்தாலும் ஆர்.சி.யில் எரிபொருள் கட்டத்தில் 'பிளக்-இன் ஹைபிரிட்' என்று இருக்கிறதா, 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்றா எனப் பாருங்கள். பிந்தையதைச் சார்ஜரில் செருகவே முடியாது, ஷோரூமில் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள். லீஸ் என்றால் டெலிவரி நாளிலேயே டயர் விளிம்பு, கண்ணாடி, பம்பர் எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுங்கள். பின் டிக்கியில் சுருட்டி வைத்திருக்கும் சார்ஜிங் கேபிளும் படத்தில் இருக்கட்டும். நான்காவது வருடம் திருப்பிக் கொடுக்கும்போது காணாமல் போன பட்டியலில் முதலில் வருவது அதுதான்.