வெள்ளைச் சட்டையும் அக்குள் மஞ்சளும்: வாசகர் கேள்வி பதில்

மார்கழிக் குளிரில் நீலகிரி மலையே ஸ்வெட்டருக்குள் புகுந்து கிடக்கிறது, ஆனால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேர்வைக் கறையைப் பற்றித்தான். கொஞ்சம் யோசித்தால் அதில் ஆச்சரியம் இல்லை. பெட்டியில் வைத்த நல்ல துணிகளை வெளியே எடுக்கிற மாதம் இது.

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம், வேலை கோயம்புத்தூரில். வருஷா வருஷம் எங்கள் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் இரண்டு அக்குளிலும் மஞ்சள், தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. வைக்கும்போது சுத்தமாகத்தான் இருந்தது. அம்மா பிளீச் ஊற்றித் துவைத்தார், மஞ்சள் இன்னும் கூடிவிட்டது. நம் ஊரில் வேர்ப்பதே இல்லையே, இது எங்கிருந்து வந்தது? பண்டிகைக்குள் போகுமா?

பதில்: முதலில் அந்த பிளீச் பாட்டிலை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள் தம்பி. வெறும் வேர்வை காய்ந்தால் இத்தனை மஞ்சளாகாது. நீங்கள் வேர்க்காமலிருக்க அக்குளில் போடுகிற ரோல்-ஆனின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பொடி எழுத்தில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்றோ அலுமினியம் சிர்க்கோனியம் என்றோ இருக்கும். வேர்வைத் துவாரத்தை அடைத்து வேர்க்காமல் பார்த்துக்கொள்வது அந்த உப்புதான். அக்குள் வேர்வை நெற்றி வேர்வையைப் போல வெறும் உப்புத் தண்ணீர் இல்லை, அங்கே புரதமும் கொழுப்பும் சேர்ந்து சுரக்கும். அதோடு அலுமினிய உப்பு கலந்து நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அந்த விறைப்புக்கு அதுதான் காரணம். குளோரின் பிளீச் அந்தப் புரதத்தோடு சேர்ந்தால் மஞ்சள் கூடத்தான் செய்யும், நூலும் நைந்துபோகும். அம்மா மேல் தப்பில்லை, வெள்ளைத் துணி என்றாலே பிளீச் என்றுதான் எல்லாருக்கும் பழக்கம்.

வைக்கும்போது சுத்தமாக இருந்தது என்கிறீர்களே, அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். சரியாகப் போகாமல் தங்கிய எண்ணெய்ப் பசை கண்ணுக்குத் தெரியாது, மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்து காற்று பட்டுப் பட்டு மெதுவாக மஞ்சளாகும். இன்னொன்று, கோயம்புத்தூரில் போட்டுப் பழகிய அதே ரோல்-ஆனை ஊருக்கு வந்தும் போட்டு, அதன் மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், ஜெர்கின் என்று அடுக்குகிறோம். வேர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதே சட்டையை இரண்டு மூன்று நாள் ஓட்டுவதும் மலையில் சகஜம். மேடேறி நடக்கும்போது உள்ளே வேர்க்கத்தான் செய்கிறது, வெளியே போக வழியில்லாமல் அக்குளிலேயே ஊறுகிறது.

சரி, எடுப்பதற்கு வருவோம். அலுமினிய உப்பை இளக்க புளிப்புதான் வேண்டும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, அந்த அக்குள் பகுதியை மட்டும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கிற சாதாரண செயற்கை வினிகரே போதும், ஆப்பிள் வினிகரெல்லாம் இதற்கு எதற்கு, அதற்கே ஒரு நிறம் இருக்கிறது. வினிகர் இல்லையென்றால் சிட்ரிக் ஆசிட், லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒரு மக் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அம்மா பிளீச் போட்ட சட்டை இது, அதனால் அதை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளிருக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிற நம் குளியலறையில் அது விளையாட்டு இல்லை.

வினிகரை அலசிய பிறகு ஹைட்ரஜன் பெராக்ஸைடு. மருந்துக்கடையில் காயம் கழுவக் கொடுப்பதுதான், பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும், அதே அளவு தண்ணீர் விட்டால் 3 ஆகிவிடும். அதில் ஆப்ப சோடாவைக் குழைத்து, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் நாலு சொட்டு விட்டு, சட்டையை உட்புறம் திருப்பி, பழைய டூத் பிரஷ்ஷால் தடவுங்கள். தேய்த்துத் தேய்த்து நூலை எழுப்பிவிட வேண்டாம், தடவினால் போதும். அரை மணி விடுங்கள், காய்ந்துபோக விடாதீர்கள். மீதியைப் பாட்டிலில் மூடி வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும், கீழே ஊற்றிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. சிலர் வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கொட்டி, பொங்குவதைப் பார்த்து, ஆஹா வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிற பொங்கல் அது, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். ஒன்று முடிந்து அலசிய பிறகுதான் அடுத்தது.

அப்புறம்தான் சோப்புத்தூள். கீழ்நாட்டுக்காரர்களுக்கு வராத சிக்கல் நமக்கு இங்கேதான் வருகிறது. நல்ல சோப்புத்தூள்களில் புரதத்தைத் தின்கிற என்சைம் இருக்கிறது, வானிஷ் மாதிரி கறை எடுக்கிற பவுடர்களில் ஆக்சிஜனை விடுகிற உப்பு இருக்கிறது, இரண்டுக்கும் சுமார் 40 டிகிரி சூடு இருந்தால்தான் சுறுசுறுப்பு. இந்த மாதத்தில் நம் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும், அதில் போட்டு ஊறவைத்தால் பவுடர் சும்மா அடியில் படிந்து கிடக்கும். கீசரிலிருந்து பிடித்து, கை தாங்குகிற சூட்டில் ஊற வையுங்கள், மூடி வைத்தால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், புரதக் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய கறை ஒரே தடவையில் போகாது. போகாவிட்டால் திரும்ப வினிகரிலிருந்து ஆரம்பியுங்கள். மஞ்சள் முழுக்கப் போனதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிற வரை இஸ்திரிப் பெட்டி அந்தச் சட்டைப் பக்கமே வரக் கூடாது, சூடு பட்டால் கறை இறுகிவிடும். குழல்விளக்கில் பார்த்து ஏமாறாதீர்கள். பனிமூட்டம் விலகி வெயில் அடிக்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரம் கொடியில் உட்புறத்தைத் திருப்பிப் போடுங்கள், இந்த உயரத்தில் வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம், வெள்ளைத் துணிக்கு அதுவே ஒரு வெளுப்பு.

பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எழுதவில்லை. ஒரு வாரம் இருந்தால் நம்பிக்கையோடு ஆரம்பிக்கலாம். பிளீச்சால் நூலே கெட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் சாயல் தங்கும், மேலே சால்வை போர்த்திக்கொண்டு ஹெத்தையம்மன் கோயில் இருக்கிற பேரகணிக்குக் கிளம்புங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்!

கேள்வி: மேடம், ஊட்டியில் ஆசிரியையாக இருக்கிறேன். கறுப்பு, கருநீலச் சுடிதார்களில் அக்குள் பக்கம் வெள்ளைக் கோடு விழுகிறது. இன்ஸ்பெக்ஷன் அன்று காலையில் பார்த்துத் திகைத்துவிட்டேன்.

பதில்: இது கறையே இல்லை, அக்குளில் போடுகிற ரோல்-ஆன் துணி மேல் ஒட்டிய பூச்சு. உலர்ந்த காட்டன் சாக்ஸ் அல்லது டவல் துணியால் அந்த இடத்தைத் துடைத்தால் உதிர்ந்துவிடும், ஈரத்துணியை உடனே எடுக்காதீர்கள், கரைந்து பரவும். இனிமேல் போட்டுவிட்டுக் கை தூக்கி இரண்டு மூன்று நிமிடம் காய விட்டு உடுத்துங்கள். குளிரில் அவ்வளவு நேரம் யார் நிற்பது என்று கேட்பீர்கள், தெரியும். கீழே இன்னொரு வழி சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் குன்னூரில் பிளஸ் டூ படிக்கிறான், வாரம் ஒரு வெள்ளைச் சட்டை பாழாகிறது. ரோல்-ஆனை விட்டுவிட்டு படிகாரம் தேய்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா, அது இயற்கை, கறை வராதாம். உண்மையா? கறை வராமலே இருக்க என்ன செய்வது?

பதில்: படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்தான். இயற்கை என்பதெல்லாம் சரி, அலுமினியம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாற்றத்தைக் கட்டுப்படுத்தும், விலையும் குறைவு, தாராளமாகத் தேய்க்கட்டும், கறைக்குத் தப்பிக்க அது வழி ஆகாது.

கடையில் எல்லாவற்றையும் டியோடரன்ட் என்றே சொல்கிறோம், ஆனால் சாமான் இரண்டு வகை. ஒன்று நாற்றத்தை மட்டும் பார்த்துக்கொள்வது, நம் ஊர் பாடி ஸ்ப்ரே பெரும்பாலும் இந்த வகை, வாசனையும் ஆல்கஹாலும்தான். இன்னொன்று வேர்வையையே நிறுத்துவது, அலுமினியம் இருப்பது அதில். 1903-ல் அமெரிக்காவில் எவர்ட்ரை என்று முதன்முதலாக வந்த வேர்வைத் தடுப்பானில் இருந்த அலுமினியம் குளோரைடு புளிப்பில் துணியையே அரித்ததாம், அந்தக் காலத்து ஆட்களுக்கு மஞ்சள் கறை ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. இன்றைய உப்பு அந்த அளவு மூர்க்கம் இல்லை. உங்கள் பையனுக்கு நாற்றம்தான் பிரச்சினை என்றால் அலுமினியம் இல்லாததை வாங்கிக் கொடுங்கள். தொப்பலாக நனைகிற அளவு வேர்க்கிறது என்றால் வேர்வைத் தடுப்பானே இருக்கட்டும், ஆனால் இரவில் படுக்கப் போகும்போது, உலர்ந்த அக்குளில், மெல்லிசாக ஒரு தடவல். இரவில் வேர்வை குறைவு, அதனால் உப்பு துவாரத்தில் நன்றாகப் பிடிக்கும். காலையில் குளித்தாலும் அதன் வேலை நிற்காது, மேலே ஒட்டியிருந்த மிச்சம் மட்டும் தண்ணீரோடு போய்விடும், சட்டையில் ஒட்ட ஒன்றும் இருக்காது. ஊட்டி ஆசிரியைக்குச் சொன்ன வழியும் இதுதான்.

பையன்கள் நாலைந்து தடவை இழுத்து இழுத்துப் பூசுவார்கள், அதைக் குறைக்கச் சொல்லுங்கள். அதிகம் போட்டால் அதிகம் பலன் இல்லை, அதிகம் மஞ்சள்தான்.

உள்ளே பனியன் போடுகிறானா? முண்டா பனியன் என்றால் அக்குளில் துணியே இல்லை, பிரயோஜனமில்லை. திருப்பூர் கை வைத்த பனியன் இரண்டு செட் எடுங்கள், கறை வந்தாலும் அதோடு நிற்கும், குளிருக்கும் ஆகும். ஜாக்கெட் தைக்கும்போது பெண்கள் அக்குளில் பேட் வைத்துத் தைப்பது இதே கணக்குதான். சாயந்திரம் வந்ததும் சட்டையைச் சுருட்டி மூலையில் எறியாமல் அக்குள் பகுதியை மட்டுமாவது நனைத்து, சோப்பு போட்டுக் கசக்கி வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை துவைக்கிறவருக்கு வேலை மிச்சம். அந்த வேலையை அவனே செய்யட்டும்.

கேள்வி: எந்தக் கறையானாலும் நீலகிரித் தைலம் தேய் என்பார் எங்கள் பாட்டி. டியோடரன்ட் கறைக்கும் ஆகுமா? – லவ்டேல் வாசகி

பதில்: பாட்டி சொன்னது பாதிக்கு ஆகும். ஸ்டிக் வகையில் மெழுகும் எண்ணெயும் சேர்க்கிறார்கள், அது துணியில் பிசுபிசுவென்று ஒட்டி, தண்ணீர் பட்டால் முத்துமுத்தாக உருள்கிறதா, அங்கே தைலம் நன்றாக வேலை செய்யும். பஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்து, பிறகு சோப்பு போட்டுத் துவையுங்கள். விறைத்த மஞ்சளுக்கு அது ஒன்றும் செய்யாது, அதற்குப் புளிப்புதான்.

தைலம் சுத்தமானதா என்று முதலில் பாருங்கள். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல தைலம் ஆவியாகித் தாள் பழையபடி ஆகிவிடும். எண்ணெய் வட்டம் தங்கினால் வேறு எண்ணெய் கலந்தது, துணியில் விட்டால் புதுக் கறை. நம் மாவட்டத்துப் பெயரை ஒட்டிக்கொண்டு ரோட்டோரம் விற்கிற பாட்டில்கள் எல்லாமே நல்லவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்புப் பக்கம் வைத்து இந்த வேலை வேண்டாம், தீப்பிடிக்கும் சரக்கு அது.

கேள்வி: தோடர் எம்பிராய்டரி போட்ட வெள்ளைக் குர்தி, விலை அதிகம், அக்குளில் மஞ்சள். மேலே சொன்ன மாதிரி செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு அது, ஒவ்வொரு இழையாக எண்ணிக் கையால் போடுவது, கெட்டால் அதே மாதிரி கிடைக்காது. சிவப்பு நூல் சாயம் விடுமா என்று உட்புறம் ஒரு மூலையில் ஈரமான வெள்ளைத்துணியை அழுத்திப் பாருங்கள். விடவில்லை என்றாலும் அக்குள் துணியை மட்டும் தனியே பிடித்து வினிகர்த் தண்ணீரில் தோய்த்தால் போதும், பெராக்ஸைடு வேலைப்பாட்டின் மேல் பட வேண்டாம், மொத்தக் குர்தியையும் முக்கி ஊற வைக்கவும் வேண்டாம். வினிகருக்குப் போகவில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள், கை கீழே இருந்தால் அக்குள் தெரியாது.

கேள்வி: ஸ்வெட்டர் அக்குளில் வாடை. என்சைம் பவுடரில் ஊற வைக்கலாமா?

பதில்: கம்பளி என்றால் கூடவே கூடாது, கம்பளியே புரதம்தான், என்சைம் அதையும் தின்னும். பட்டுக்கும் இதே பதில். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அக்குளை நனைத்து அலசி, கம்பளிக்கென்று விற்கிற லிக்விட்டில் துவைத்து, பிழியாமல் டவலில் சுருட்டி ஈரம் எடுத்து, படுக்கைவாட்டில் காயப் போடுங்கள். அக்ரிலிக் ஸ்வெட்டர் என்றால் என்சைம் பவுடர் தாராளமாகப் போடலாம். லேபிளைப் பாருங்கள்.

கேள்வி: சொட்டு நீலம் கொஞ்சம் கூடப் போட்டால் மஞ்சள் மறையாதா?

பதில்: மறையும், போகாது. மஞ்சள் மேல் நீலம் ஏறினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான், கறை அடியில் அப்படியே இருக்கும், மேலே இஸ்திரி போட்டால் இன்னும் இறுகும். கூடப் போட்டால் கறைப் பக்கம் திட்டுத் திட்டாக நீலம் பிடித்து அது வேறு வேலை. கறையை எடுத்து முடித்த பிறகு கடைசி அலசலில், ஒரு வாளிக்கு இரண்டு மூன்று சொட்டு விட்டு, தண்ணீரை நன்றாகக் கலக்கிவிட்டுத் துணியைப் போடுங்கள்.