கடையில் தனியாகச் சிக்கும் பிள்ளைகள்: பாதுகாவலர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவில், ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடை வாசலில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, நின்று வேலையைத் தொடங்கினேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் புதிதாக வேலைக்கு வரும் பாதுகாவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் சந்தேகங்களைக் கேளுங்கள் என்றேன். சண்டைக்காரர்களைப் பற்றியும் குடிகாரர்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைத்தேன்; வந்தவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகளைப் பற்றியவை. நான் வழக்கறிஞர் அல்ல. சட்டப் பிரிவுகளைச் சொல்வதெல்லாம், நாளை உங்கள் மேலாளரிடம் பேசும்போது கையில் ஏதாவது இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

கேள்வி (பட்டர்வொர்த், பேரங்காடிப் பாதுகாவலர்): அக்கா, எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு சாக்லேட்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். கூட யாரும் இல்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து அலுவலகத்துக்கு இழுத்து வந்தேன். மேற்பார்வையாளர் தட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் இரவு முழுதும் மனம் சரியில்லை.

பதில்: உங்கள் மேற்பார்வையாளரைவிட உங்கள் மனத்துக்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது, தம்பி. தண்டனைச் சட்டம் 82ஆம் பிரிவின்படி 10 வயது நிறையாத பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. 10 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் என்றால், தான் செய்வது இன்னதென்று புரியும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று 83ஆம் பிரிவு கேட்கிறது.

ஆளைப் பிடிக்கும் அதிகாரம் நமக்குச் சீருடையிலிருந்து வருவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27ஆம் பிரிவு சாலையில் போகும் யாருக்கும் கொடுக்கும் அதிகாரம்தான் நமக்கும் உண்டு: தன் கண்ணெதிரே, ஜாமீன் உரிமையில்லாத, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் செய்பவரைப் பிடிக்கலாம், பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 'கண்ணெதிரே' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விற்பனைப் பெண் சொன்னதும், பிறகு கேமராவில் ஓட்டிப் பார்த்ததும் அதில் சேராது. ஒன்பது வயதுப் பையன் செய்தது குற்றமே அல்ல என்னும்போது, எதைக் காட்டி அவனைப் பிடிப்பது?

அதனால் அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். கடைசிக் கல்லாவைத் தாண்டும் வரை பொறுங்கள். பிள்ளைகள் கை நிறைந்தால் பைக்குள் போடுவார்கள். அம்மா அரிசி வரிசையில் நின்றுகொண்டிருப்பார். தாண்டிவிட்டான் என்றால் பின்னாலிருந்து பாயாமல், பக்கவாட்டில் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, "தம்பி, பணம் கட்ட மறந்துவிட்டாயா? யாருடன் வந்தாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். தனியாக நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை, கையில் சாக்லேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் காணாமல் போன பிள்ளை. அப்படித்தான் நடத்த வேண்டும். சக ஊழியர் ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, கூட அழையுங்கள். கேமரா பார்க்கும் இடத்தில், கதவைத் திறந்து வைத்து, ஆனால் போகிறவர் வருகிறவர் வேடிக்கை பார்க்காதபடி உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தால், பெற்றோரைத் தேடும் அறிவிப்பாகவே இருக்கட்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடினால் விட்டுவிடுங்கள். இதைச் சொல்லும்போது பயிற்சி வகுப்பில் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வெளியே வாகன நிறுத்துமிடம். பின்னோக்கி வரும் காரின் ஓட்டுநருக்கு அந்த உயரத்துப் பிள்ளை கண்ணில் படாது. ஆறேழு வெள்ளி (ரிங்கிட்) சாக்லேட்டுக்காக ஒரு பிள்ளையைச் சாலைக்கு விரட்டியவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி (பாயான் பாரு, பெண் பாதுகாவலர்): பையைத் திறந்து சோதனை போடலாமா? உடலைச் சோதிக்கலாமா? எங்கள் கடையில் இரண்டும் வழக்கம்.

பதில்: வழக்கம் என்பது அனுமதி ஆகாது. "பையைக் காட்டுகிறாயா?" என்று கேட்கலாம். பிள்ளையே திறந்து, பிள்ளையே எடுத்துக் காட்டட்டும். மாட்டேன் என்றால் கேட்பதை அத்தோடு நிறுத்திக்கொண்டு, பெற்றோருக்கோ போலீசுக்கோ காத்திருங்கள். உடலைத் தொட்டுச் சோதிப்பது நம் வேலையே இல்லை. போலீஸ்கூடப் பெண்ணைப் பெண்ணைக் கொண்டுதான், அதுவும் கண்ணியம் குறையாமல்தான் சோதிக்க வேண்டும். சட்டையைக் கழற்றச் சொல்வது, கால்சட்டைக்குள் கை விடுவது எல்லாம் 2017ஆம் ஆண்டு வந்த சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின் வாசல் வரை உங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். நீங்கள் பெண் என்பதால் விலக்கு இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், பள்ளிச் சீருடையில் வந்த முதல் படிவ (இடைநிலைப் பள்ளி முதலாண்டு) மாணவி ஒருத்தி வெளியேறும்போது அலாரம் அலறியது. பின்னறைக்குக் கூட்டிப்போனேன். மேலாளர் சொன்னார் என்று அவளுடைய பையை மேசைமேல் கவிழ்த்தேன். அறையில் மூன்று ஆண்கள் நின்றிருந்தார்கள். புத்தகங்களோடு மாதவிடாய்ப் பட்டைகளும் விழுந்தன. எங்கள் கடைப் பொருள் ஒன்றுகூட இல்லை. வேறொரு கடையில் அன்று வாங்கி அணிந்திருந்த காலணியின் உள்ளே, வாசல் அலாரத்தை அலற வைக்கும் பாதுகாப்பு வில்லை ஒட்டியிருந்தது, அதுதான் அலறியது. அந்தப் பெண் அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் திரும்ப அடுக்கினாள். மேலாளர் "சரி, போகலாம்" என்றார். மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

கேள்வி (ஆயர் ஈத்தாம், ஒரு தாய்): என் 12 வயது மகனை அலாரம் அடித்ததற்காக இரண்டு மணி நேரம் சாமான் அறையில் பூட்டி வைத்தார்கள். கடைசியில் அவனிடம் எதுவும் இல்லை. அலாரம் பொய் சொல்லுமா?

பதில்: சொல்லும், தங்கச்சி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அந்த வாசலுக்கு நன்றாகப் பொருந்தும். சில கடைகளின் அலார வாசல் 8.2 மெகாஹெர்ட்ஸ் அலையிலும், வேறு சில 58 கிலோஹெர்ட்ஸ் அலையிலும் வேலை செய்கின்றன. ஒரே வகை வாசல் உள்ள இரண்டு கடைகளில், முதல் கடையின் காசாளர் செயலிழக்கச் செய்ய மறந்த வில்லை இரண்டாம் கடையில் கத்தும். அலாரம் 'பார்' என்கிறதே தவிர, 'திருடன்' என்று சொல்வதில்லை.

பூட்டி வைத்தது வேறு கதை. முறையின்றி அடைத்து வைத்தல் தண்டனைச் சட்டம் 342ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். முதலில் கடைக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, அந்த நாள் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலான கருவிகள் இடம் நிறைந்ததும் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். பிறகு போலீஸ் புகார். பாதுகாவலர் நிறுவனத்திலிருந்து வந்தவர் என்றால், அந்த நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டுத் தனியார் நிறுவனச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சிடம் உரிமம் பெற்றவை, அமைச்சுக்கும் எழுதலாம். மகனிடம் மட்டும் "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள்.

கேள்வி (லெபோ பாசார், துணிக்கடை முதலாளி): பிடிபட்ட பிள்ளைகளின் படத்தைக் கல்லா அருகில் ஒட்டுகிறோம். முகநூலிலும் போடுகிறோம். ஒரு பயம் இருக்க வேண்டாமா?

பதில்: பயம் உங்களுக்குத்தான் இருக்க வேண்டும், முதலாளி. சிறார் சட்டம் 2001, பிரிவு 15: குற்றத்தில் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. தண்டனை 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அது பத்திரிகைக்காரர்களுக்கு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். மின்னியல் ஊடகத்தில் படம் அனுப்புவதையும் அந்தப் பிரிவு சேர்த்தே பேசுகிறது. சுவரில் இருப்பதை இன்றே கிழித்துவிடுங்கள். கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதையும்தான்.

கேள்வி (அதே கடையின் மேலாளர்): அப்படியானால் பொருள் விலையில் பத்து மடங்கு அபராதம் வாங்கலாமா? பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

பதில்: பலகையில் எழுதினால் சட்டமாகிவிடுமா? அபராதம் விதிப்பது நீதிமன்றம். "பணம் கட்டு, இல்லாவிட்டால் போலீஸ்" என்று ஒரு பிள்ளையையோ அதன் அம்மாவையோ மிரட்டினால், அது பணம் பறிப்பு என்று உங்கள்மேல் திரும்பும். பொருள் கெட்டுப்போயிருந்தால் பெற்றோரிடம் அதன் விலையை மட்டும் கேளுங்கள், ரசீது கொடுங்கள். பிள்ளையிடம் "நான்தான் திருடினேன்" என்று எழுதி வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அழுதுகொண்டே எழுதிய காகிதம் யாருக்கும் உதவாது.

கேள்வி (பிறை): அப்பா வந்தவுடன் எங்கள் முன்னாலேயே பெல்ட்டைக் கழற்றினார். குடும்ப விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

பதில்: ஒதுங்கக் கூடாது. அவமானத்தில் வரும் கோபம் அது. பாதி அடி பிள்ளைக்கு, பாதி நமக்குக் காட்டுவதற்கு. அதனால் அப்பா வருவதற்கு முன்பே தொலைபேசியில் பதமாகச் சொல்லுங்கள்: "உங்கள் மகன் பத்திரமாக இருக்கிறான், ஒரு சின்ன விஷயம், பேசி முடித்துவிடலாம்." வந்ததும் முதலில் அவரைத் தனியாக உட்கார வையுங்கள். ஐந்து நிமிடத்தில் கை இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். தாலியான் காசே என்னும் அரசாங்க உதவித் தொலைபேசியின் எண் 15999, இரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி (ஜெலுத்தோங், மளிகைக்கடை): பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று முறை பால்மாவு எடுத்துவிட்டாள். மிட்டாயைத் தொடுவதே இல்லை.

பதில்: மிட்டாயைத் தொடாமல் பால்மாவு எடுக்கும் பிள்ளையின் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அல்லது வெளியே யாரோ காத்திருக்கிறார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். பால்மாவு எளிதில் விலை போகும் சரக்கு. பிள்ளை என்றால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தே உள்ளே அனுப்பும் பெரியவர்கள் உண்டு. அவள் வெளியே போய் எந்தப் பக்கம் பார்க்கிறாள், யாரிடம் கொடுக்கிறாள் என்று கவனியுங்கள். ஆள் இருந்தால் போலீசிடம் அந்த ஆளைப் பற்றிச் சொல்லுங்கள், அவளைப் பற்றி அல்ல. இல்லையென்றால் சமூகநல இலாகா. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்றே சிறார் சட்டத்தில் ஒரு பகுதி இருக்கிறது. நடுவில் ஒரு டின் பால்மாவை நீங்களே கொடுத்தாலும் கடை மூழ்கிவிடாது.

கேள்வி (மேற்பார்வையாளர், தீவு): பள்ளி விட்டதும் சீருடையில் கும்பலாக வருகிறார்கள். எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒருவர் உள்ளே நின்று "என்ன தேடுகிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் பாதித் திருட்டு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி (பட்டர்வொர்த்): பிள்ளையிடம் எந்த அடையாளப் பத்திரமும் இல்லை, மலாயும் தெரியவில்லை என்றால்? எங்கள் குழுவில் பாதிப் பேர் நேப்பாளிகள்.

பதில்: சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் பிள்ளை என்கிறது; குடிமகனா என்று கேட்பதில்லை. மியன்மாரிலிருந்து அகதியாக வந்த ரொஹிங்கியாப் பிள்ளையாக இருந்தால், "கார்டு எங்கே?" என்ற முதல் வார்த்தையிலேயே உறைந்துபோகும். அந்த மொழி தெரிந்தவர் கடையில் யாராவது இருப்பார், காய்கறிப் பகுதியில் விசாரியுங்கள். நேப்பாளித் தோழர்களுக்கு மூன்று மலாய் வாக்கியங்கள் போதும்: பயப்படாதே, உட்கார், அம்மா அப்பா எங்கே.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): போலீசைக் கூப்பிட்டால் பிள்ளையைச் சிறையில் போட்டுவிடுவார்களா? அந்தப் பயத்தில்தான் பலர் தாங்களே 'தண்டித்து' அனுப்புகிறார்கள்.

பதில்: பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை என்று வையுங்கள். கைது செய்தால் போலீஸ் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். பெரிய குற்றவாளிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அங்கே மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள், ஒருவர் கட்டாயம் பெண். கண்டித்து அனுப்புவதும், நன்னடத்தைப் பிணையில் விடுவதும் அவர்கள் கையில் உள்ள வழிகள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சிறைத்தண்டனை கிடையாது. இருந்தாலும் ஒரு பென்சில் பெட்டிக்காக அந்தப் பிள்ளையை அவ்வளவு தூரம் நடக்க வைக்க வேண்டுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். எங்கள் கடைகளில் முதல் முறை, சிறிய தொகை என்றால் பெற்றோரோடு முடித்துக்கொள்வோம். ஆயுதம், அடிதடி, பின்னால் பெரியவர் என்றால் தயங்காமல் போலீஸ். நாமே 'தண்டிப்பது' என்பது இந்த இரண்டிலும் இல்லை.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): இரவு 10 மணிக்குக் கடையை மூட வேண்டும். பெற்றோர் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. பத்து வெள்ளி கொடுத்து கிராப் வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிடலாமா?

பதில்: கூடாது. ஒன்பதரை மணிக்கே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், திருட்டுப் புகாராக அல்ல, பெற்றோர் வராத பிள்ளை என்று. அவர்கள் வரும் வரை இரண்டு பேர் கூடவே இருங்கள், ஒருவர் பெண்ணாக. வந்த போலீஸ்காரரின் எண்ணையும் ஒப்படைத்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் சாப்பிட்டிருக்காது. கடைத் தெருவில் மீ கோரெங் இன்னும் கிடைக்கும்.